சந்தோஷ் டிராபி: வடசென்னைப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம் காலையில் பந்து உதைக்க வரும் பிள்ளைகளிடமும், ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பிய கிளப்புகளைப் பற்றிக் கேட்டால் நம்ம பசங்க மூச்சு விடாமல் சொல்வார்கள். சந்தோஷ் டிராபி என்று ஆரம்பித்தால் முழிப்பார்கள். ஆனால் அந்தக் கிளப் எதுவும் அவர்களைக் கூப்பிடப் போவதில்லை. மாநில அணி கூப்பிடலாம். அதனால்தான் அடிக்கடி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சந்தோஷ் டிராபி என்றால் என்ன?

இந்திய மாநிலங்களுக்குள் நடக்கும் ஆண்கள் கால்பந்துப் போட்டி. கிரிக்கெட்டுக்கு ரஞ்சி எப்படியோ, கால்பந்துக்கு இது அப்படி. 1941-ல் தொடங்கியது. கிளப்புகள் இதில் ஆட முடியாது. தமிழ்நாடு, கேரளா, வங்காளம், பஞ்சாப் என்று மாநிலத்தின் பெயரைப் போட்டுத்தான் ஆட வேண்டும். மாநிலங்களைத் தவிர ராணுவத்தினரின் சர்வீசஸ் அணியும் ரயில்வே அணியும் உண்டு.

ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்றா அந்தப் பேர் வைத்தார்கள்?

பத்து வயசுப் பையன் ஒருவன், "அண்ணா, தோத்தவங்களுக்கு என்னா டிராபிண்ணா, துக்க டிராபியா?" என்று என்னிடம் கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. தமிழ் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

சந்தோஷ் என்பது ஒரு ஊர். பிரிக்கப்படாத வங்காளத்தில் டாங்கைல் பக்கம் இருந்த ஜமீன் அது, இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அதன் ராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி, கல்கத்தாவில் இருந்த இந்தியக் கால்பந்து சங்கத்தின் தலைவராக இருந்தவர். வங்காளச் சட்ட மேலவையின் தலைவராகவும் இருந்திருக்கிறார். அவர் 1939-ல் இறந்துபோனார். அவர் நினைவாக அந்தச் சங்கம் கொடுத்ததுதான் இந்தக் கோப்பை.

தோற்றவர்களுக்கும் கோப்பை உண்டு. இரண்டாமிடத்துக்கு கமலா குப்தா டிராபி. சங்கத் தலைவராக இருந்த டாக்டர் எஸ்.கே. குப்தா தன் மனைவி பெயரில் கொடுத்தது. மூன்றாமிடத்துக்கு சம்பங்கி கோப்பை, மைசூர் ஆட்டக்காரர் சம்பங்கியின் நினைவாக மைசூர் கால்பந்து சங்கம் கொடுத்தது. மூன்று கோப்பைக்கும் பின்னால் மூன்று மனிதர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்த விஷயம்.

1941-க்கு முன்னால் இந்தியாவில் பெரிய போட்டியே இல்லையா?

இருந்தது. டூரண்ட் கோப்பை 1888-லேயே வந்துவிட்டது. ரோவர்ஸ் கோப்பை 1891, ஐ.எஃப்.ஏ. ஷீல்டு 1893. ஆனால் அவை வெள்ளைக்காரப் படைப்பிரிவுகளுக்காகத் தொடங்கி, அப்புறம் இந்திய கிளப்புகளும் உள்ளே வந்த போட்டிகள். ஒரு மாகாணத்தின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் சேர்த்து இன்னொரு மாகாணத்தோடு மோத வைக்கும் போட்டி இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 1937-ல் உருவானது. நாலு வருஷத்தில் அந்தக் குறை தீர்ந்தது. கல்கத்தாவில் நடந்த முதல் இறுதி ஆட்டத்தில் வங்காளம் டெல்லியை 5-1 என்று அடித்தது. போர்க்காலத்தில் இரண்டு வருஷம் நடக்கவில்லை. 1944-ல் மறுபடி நடந்தபோது அதே டெல்லி வங்காளத்தைத் தோற்கடித்தது.

அதிகமுறை ஜெயித்தது யார்?

வங்காளம். பக்கத்தில் யாரும் இல்லை. 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளாவை 1-0 என்று ஜெயித்தபோது அது அவர்களுக்கு 33-வது பட்டம். தொண்ணூறு நிமிஷம் முடிந்து, இஞ்சுரி டைமில் கோல் போட்டவர் ராபி ஹன்ஸ்தா. அந்தப் போட்டியில் மட்டும் 12 கோல். ஊருக்குத் திரும்பியதும் அணியில் இருந்தவர்களுக்கு அரசு வேலை என்று முதலமைச்சர் மம்தா பானர்ஜி அறிவித்தார். இதைப் படிக்கும் பெற்றோர் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பஞ்சாப் 8 முறை ஜெயித்திருக்கிறது. 1970-களில் இந்தர் சிங் ஆடிய பஞ்சாப் அணி வங்காளத்தையே இறுதி ஆட்டத்தில் 6-0 என்று நொறுக்கியது. கேரளா 7 முறை. சையது அப்துல் ரஹீம் பயிற்சி கொடுத்த காலத்தில் ஹைதராபாத் 1956, 1957 இரண்டு வருஷமும் தொடர்ந்து வாங்கியது. மணிப்பூர், மிசோரம் மாதிரி சின்ன மாநிலங்கள்கூட வாங்கியிருக்கின்றன.

தமிழ்நாடு?

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. மதராஸ் என்ற பெயரில் ஆடிய காலத்திலும் இல்லை, தமிழ்நாடு ஆன பிறகும் இல்லை.

இரண்டு தடவை இறுதி ஆட்டம் வரை போனோம். 1972-73-ல் கோவாவில் வங்காளத்திடம் 4-1 என்று தோற்றோம். அப்புறம் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து 2012 மே மாதம், கட்டாக்கில் சர்வீசஸ் அணியிடம் 3-2. அந்த ஒரு கோல் வித்தியாசம் இன்னும் எனக்கு வலிக்கிறது. நாலு கோல் வாங்கித் தோற்றால் தூங்கிவிடலாம்.

இதைச் சொன்னால் பசங்க முகம் வாடிப்போகும். அதற்காக மறைக்க முடியுமா? நமக்குத் திறமை இல்லாமல் இது நடக்கவில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கேரளா முதல் தடவையாக இந்தக் கோப்பையை வாங்கியது 1973 டிசம்பரில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில், ரயில்வேயை 3-2 என்று ஜெயித்து. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டது. கேரளாவில் இன்றைக்கும் அந்த ஹாட்ரிக்கைக் கொண்டாடுகிறார்கள். அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம்ம சைமன் சுந்தர்ராஜ். தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் போகவே இல்லை, அதனால் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசி கோல் இன்றுவரை ஒரு தமிழன் போட்டதுதான். கேரளாவுக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

அப்படியென்றால் கேரளாவுக்கு ஏழு, நமக்கு ஏன் சைபர்?

பலர் பல காரணம் சொல்வார்கள். என் கணக்கில் முதல் காரணம் வேலை.

கேரளாவில் கால்பந்து ஆடினால் சோறு கிடைக்கும் என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேரள போலீஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், பாப்பச்சன் எல்லாரும் அங்கே ஒன்றாக ஆடினார்கள். 1990, 1991 இரண்டு வருஷமும் கிளப்புகளுக்கான தேசியப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையை வாங்கினார்கள். அந்த ஆட்டக்காரர்களை வைத்துத்தான் 1992-ல் கேரளா சந்தோஷ் டிராபி ஜெயித்தது. அதுவும் எங்கே? நம்ம கோயம்புத்தூரில். அடுத்த வருஷமும் கொச்சியில் ஜெயித்தார்கள். 2018-ல் கல்கத்தாவுக்கே போய் வங்காளத்தை ஜெயித்து வந்தபோது, வேலை இல்லாமல் இருந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த அரசு வேலை கொடுத்தது.

நமக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. துறைமுகம், ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று சென்னை லீகில் ஆடிய அணிகளில் பாதி, சம்பளம் போடும் அணிகள். கேரளாவின் சத்யனே பிற்பாடு இந்தியன் வங்கிக்கு ஆட சென்னைக்கு வந்தார். அந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இருபது வயசில் ஒரு பையன் நல்லா ஆடுகிறான், வீட்டில் வாடகை கட்ட வேண்டும், ஆட்டம் சம்பளம் கொடுக்கவில்லை. அவன் டெலிவரி வண்டி எடுப்பான். யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் கூட்டம். 2022 மே 2 இரவு மஞ்சேரியில் இறுதி ஆட்டம். மறுநாள் பெருநாள், அன்றைக்கு நோன்பின் கடைசி நாள். அப்படியும் மைதானம் பிதுங்கியது. ஆட்டம் சமமாகி, பெனால்டி உதைக்கும் டை-பிரேக்கரில் கேரளா வங்காளத்தை ஜெயித்தது. நம்ம மாநில அணி ஆடுகிறது என்றால் நம்மில் எத்தனை பேர் போகிறோம்?

வடசென்னைக்கும் இந்தப் போட்டிக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ஊரில் பந்து எப்படி வந்தது என்று பார்த்தால் புரியும். பெரம்பூரில் ரயில்வே பட்டறைகள், பக்கத்திலேயே பின்னி மில், கிழக்கே துறைமுகம். வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் ஆடினார்கள், மில் தொழிலாளி வேலி ஓரம் நின்று பார்த்தான், அவன் மகன் உள்ளே இறங்கி ஆடினான். கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றும் இங்கே வீட்டுக்கு வீடு இருப்பது அப்படித்தான். 1955-ல் ஐ.சி.எஃப். வந்த பிறகு பந்துக்கு ஒரு வேலைவாய்ப்பும் சேர்ந்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐ.சி.எஃப்-ல் வேலை கிடைத்த ஆட்டக்காரர் ரயில்வே ஊழியர். அவர் சந்தோஷ் டிராபியில் ரயில்வே அணிக்குத் தேர்வாக முடியும். ராணுவத்தில் சேர்ந்தவர் சர்வீசஸ் பக்கம் போவார். ஆக, ஒரே தெருவில் ஒன்றாக ஆடிய மூன்று பேர் மூன்று ஜெர்சியில் எதிரெதிரே நிற்கலாம். ரயில்வே 1960-களில் மூன்று முறை இந்தக் கோப்பையை வாங்கியிருக்கிறது. வேலை கொடுப்பவன் ஆட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான் விஷயம்.

வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்று பேர் வந்தது பத்திரிகைக்காரர்களால் மட்டும் இல்லை, முல்லை நகர் மைதானத்தால். 1997-லிருந்து அங்கே குடிசைப்பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தும் படிப்பும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த மண்ணில் கால் பதித்த நந்தகுமார் சேகர் சென்னை சிட்டி, ஒடிசா என்று ஆடி, ஈஸ்ட் பெங்கால் போய், 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். இந்த இரண்டு கல்கத்தா கிளப்புகளும் மோதும் ஆட்டத்துக்கு டெர்பி என்று பேர். நாலு வருஷத்துக்கு மேல் அதில் ஜெயிக்காமல் இருந்த ஈஸ்ட் பெங்கால் கூட்டம் அன்றைக்கு அவரைத் தூக்கிக் கொண்டாடியது. இந்திய அணிக்கும் ஆடினார். கல்கத்தாவில் ஒரு கோடி பேருக்குத் தெரிந்த பெயர் இது.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். புளியந்தோப்பில் இருக்கிறார், லெஃப்ட் பேக் ஆடியவர். மாநில கேம்ப் வரைக்கும் போனவர், கடைசிப் பட்டியலில் விடுபட்டவர். கேம்பில் கொடுத்த பயிற்சி பனியனை இரும்புப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறார். ஒரு நாள் எடுத்துக் காட்டினார். முதுகில் இருந்த எண் உரிந்துபோய், ஒட்டியிருந்த தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது, 3 என்று படிக்க முடிந்தது. அவர் மனைவி, "இத மட்டும் நான் தொடக்கூடாது, வருஷத்துக்கு ஒருவாட்டி அவரே தொவைப்பாரு" என்றார். இறுதிப் பட்டியலில் வராதவருக்கே அது அவ்வளவு பெரிது.

சென்னையில் இந்தப் போட்டி நடந்திருக்கிறதா?

பல முறை. பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியம்தான் இடம். சூளையிலிருந்து நடந்தே போகலாம். முன்னே அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956-ல் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் எடுத்த கிரிக்கெட் டெஸ்ட் நடந்ததும் அங்கேதான். 1993-ல் நேரு கோப்பை கால்பந்துப் போட்டிக்காகப் புதிதாகக் கட்டினார்கள்.

1998-99 இறுதி ஆட்டத்தில் வங்காளம் கோவாவை அங்கே 5-0 என்று அடித்தது. பத்து வருஷம் கழித்து 2009-ல் அதே இரண்டு அணி, அதே ஸ்டேடியம், கோல் இல்லாமல் முடிந்து டை-பிரேக்கரில் கோவா கணக்கைத் தீர்த்தது. அன்றைக்கு நான் கேலரியில் இருந்தேன். இரண்டு பக்கமும் நம்ம ஆள் யாரும் இல்லை. இருந்தாலும் கடைசிப் பெனால்டிக்கு எனக்கு முன்னால் இருந்த முழு வரிசையும் எழுந்து நின்றுவிட்டது.

பெண்களுக்கு இந்தப் போட்டி இல்லையா?

தனியாக இருக்கிறது, 1991-லிருந்து. இப்போது அதன் கோப்பைக்கு ராஜமாதா ஜீஜாபாய் டிராபி என்று பெயர். ஆண்கள் செய்யாததை நம்ம பெண்கள் இரண்டு தடவை செய்துவிட்டார்கள். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்தார்கள். மணிப்பூர் என்றால் பெண்கள் கால்பந்தில் வங்காளத்துக்குச் சமம், கிட்டத்தட்ட எல்லா வருஷமும் அவர்கள்தான் வாங்குவார்கள். அவர்களையே சாய்த்தார்கள். அப்புறம் 2023-ல் அமிர்தசரசில் ஹரியானாவை 2-1 என்று ஜெயித்தார்கள். கடலூரிலிருந்து வந்து தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடியவர்.

பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாக்களுக்கு நான் வேறு பதில் சொல்வதில்லை. இந்த இரண்டு வருஷத்தையும் சொல்கிறேன்.

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) என்ற கிளப் போட்டி வந்த பிறகு சந்தோஷ் டிராபி தேவையா? பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் ஆடுவதில்லையே?

உண்மைதான். ஒரு காலத்தில் இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பதே சந்தோஷ் டிராபியைப் பார்த்துத்தான். பீட்டர் தங்கராஜ் மாதிரி கோல்கீப்பர்கள் இங்கே நின்று பேர் வாங்கியவர்கள். இப்போது ஐ.எஸ்.எல். நடக்கும் அதே மாதங்களில் இதுவும் வருவதால், பெரிய கிளப் ஆட்டக்காரர்கள் வர முடிவதில்லை. தொலைக்காட்சியிலும் பெரிதாகக் காட்டுவதில்லை. 2023-ல் அரையிறுதியையும் இறுதியையும் சவுதி அரேபியாவின் ரியாத்துக்குக் கொண்டு போனார்கள். கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று ஜெயித்து, மைசூர் காலத்துக்குப் பிறகு 54 வருஷம் கழித்து கோப்பையை வாங்கியது. அவர்களுக்குச் சந்தோஷம், ஆனால் பெங்களூருக்காரன் ஒருவன் பஸ் ஏறிப்போய்ப் பார்க்க முடியாத இடத்தில் ஆடினார்கள். மாநிலப் போட்டியை மாநிலத்து ஜனங்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேவையா என்றால், நம்ம பசங்களுக்குக் கட்டாயம் தேவை. ஐ.எஸ்.எல். கிளப்புகள் எடுப்பது விரல்விட்டு எண்ணும் அளவு. மாநில அணியில் ஒவ்வொரு வருஷமும் இருபது பேருக்கு மேல் இடம் இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் வராததால் அந்த இடங்கள் லீகில் ஆடும் பசங்களுக்குத் திறந்திருக்கின்றன. மாநிலத்துக்கு ஆடிய சர்டிபிகேட், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போடும்போது பேசும்.

என் பையன் மாநில அணிக்குப் போக என்ன வழி?

குறுக்கு வழி கிடையாது. ஏரியாவில் ஐந்து பேர், ஏழு பேர் வைத்து ஆடும் ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட்டில் எத்தனை கோப்பை வாங்கினாலும் தேர்வாளர் கண்ணில் படுவது கஷ்டம். சென்னை லீகில் ஆடும் ஏதாவது ஒரு கிளப்பில் சேர வேண்டும். கடைசி டிவிஷனாக இருந்தாலும் பரவாயில்லை. சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் அவன் பெயர் ஏற வேண்டும், அதைக் கிளப் செய்யும். லீகில் நல்லா ஆடினால் மாவட்ட அணி, அங்கிருந்து மாநிலத் தேர்வு, அப்புறம் கேம்ப்.

செவன்ஸ் ஆடிப் பழகிய பசங்களிடம் நான் பார்க்கும் குறை ஒன்று. பந்து காலில் இருக்கும்போது புலி, இல்லாதபோது நின்றுவிடுவார்கள். பதினொரு பேர் ஆடும் பெரிய மைதானத்தில் தொண்ணூறு நிமிஷத்தில் பந்து உன்னிடம் இருப்பது இரண்டு மூன்று நிமிஷம்தான். மீதி நேரம் நீ எங்கே நிற்கிறாய், எங்கே ஓடுகிறாய் என்பதைத்தான் தேர்வாளர் குறித்துக்கொள்வார். அதனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது முழு மைதானத்தில் ஆட வையுங்கள்.

ட்ரயல்ஸ் அன்றைக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், இரண்டும் அசலும் நகலும். வயசு விஷயத்தில் ஒரு நாள்கூட மாற்றிச் சொல்ல வேண்டாம், மாட்டினால் பல வருஷம் போய்விடும். காலையில் வெறும் வயிற்றோடு வராதே, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னாடி வா. புது பூட்ஸை அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதே, கால் கொப்புளம் கட்டிவிடும். பழசு கிழிந்திருந்தால் டேப் சுற்றிக்கொள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஷின் கார்டு கட்டாயம். இல்லையென்றால் முதல் நாளே சொல், என்னிடம் இரண்டு ஜோடி இருக்கிறது.